தோட்டத்தில் இருந்துகொண்டே தோட்டத்தை எழுதலாமா?

இலங்கை மலையகத்தில், டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 23. உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகை, அந்தப் பகுதிக்குப் பிரதேச நிருபராக எழுத முடியுமா என்று அவரைக் கேட்டிருக்கிறது. இதை வைத்து வாழ முடியுமா, வேலை எப்படி இருக்கும், அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டத்தைப் பற்றி மகளே எழுதலாமா என்பவை அவருடைய கேள்விகள். வீட்டில் வேண்டவே வேண்டாம் என்கிறார்களாம்.

நான் பல வருடங்கள் மலையகத்தில் பிரதேச நிருபராக ஓடியவன். அப்புறம் பிரதேசச் செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் மேசையிலும் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எழுதுங்கள் தங்கச்சி. ஆனால் கடை வேலையை விடாதீர்கள்.

பிரதேச நிருபர் என்றால் மாதச் சம்பளக்காரர் என்று ஊரில் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று துண்டுக் கணக்குதான். பத்து அனுப்பினால் நாலு வரும். அந்த நாலில் ஒன்று இரண்டு வரியாகச் சுருங்கி ஒரு மூலையில் கிடக்கும். பஸ் காசு, போன் டேட்டா, மழையில் நனைந்து பழுதாகும் போன் எல்லாம் உங்கள் செலவு. சில இடங்களில் அந்தச் சொற்பக் காசும் மாதக்கணக்கில் பிந்தித்தான் வரும். அதனால்தான் மலையகத்தில் நிருபர் என்று சொல்பவருக்குக் கூடவே இன்னொரு தொழில் இருக்கும். ஒருவர் ஆசிரியர், ஒருவர் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பார், இன்னொருவர் காப்புறுதி முகவர், இன்னொருவர் டியூஷன் நடத்துவார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

காசு குறைவு என்பதை விட, அந்தக் காசு எந்தச் செய்திக்கு எளிதாக வருகிறது என்பதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். துண்டுக் கணக்கில் எழுதுபவர் இயல்பாகவே செலவில்லாத செய்திக்குப் போவார். செலவில்லாத செய்தி எது? அழைப்பிதழ் வரும் செய்தி. பாதைக்கு அடிக்கல் நாட்டு விழா, கோயிலுக்குக் கூரைத் தகடு வழங்கல், பாடசாலைப் பரிசளிப்பு, பிரமுகரின் பிறந்தநாள். வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மத்தியானச் சாப்பாடு இருக்கும், எழுதிய குறிப்பும் கையில் தருவார்கள், படம் வட்ஸ்அப்பில் வந்துவிடும். திரும்பும்போது பெற்றோலுக்கு என்று ஒரு கவரும் நீட்டப்படும். சோற்றைச் சாப்பிடுங்கள், பசியோடு திரும்ப வேண்டியதில்லை. கவரை வாங்காதீர்கள். ஒரு தடவை வாங்கினால், அடுத்த மாதம் அதே பாதை மழையில் பெயர்ந்துபோனதை எழுத உங்களுக்கே கை வராது.

அழைப்பிதழ் இல்லாத செய்திக்குக் கைக்காசு போகும். இரண்டு பஸ் மாறி, பாதி தூரம் நடந்து, லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கேட்டு, கடைசியில் அது பிரசுரமாகாமலும் போகலாம். உங்கள் கடைச் சம்பளம் அதற்குத்தான் தேவை. அந்தச் சம்பளம் இருந்தால்தான் கூப்பிடாத இடத்துக்குப் போக முடியும். இன்னொன்று, சில பத்திரிகைகள் நிருபரிடம் விளம்பரமும் பிடித்துத் தரச் சொல்லும், அதற்குக் கொமிஷன் உண்டு. யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறதோ அவரிடமே போய் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முடிந்தவரை, விளம்பரம் என் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். நம் பக்கத்தில் அதிகம் வரும் ஒரு செய்தியை வைத்தே காட்டுகிறேன். "தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எட்டுப் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர்." இந்த வசனத்தை நீங்கள் பிறந்ததில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையும் தோட்டத்தின் பெயரும் மட்டும்தான் மாறும். வைத்தியசாலைக்கு ஒரு போன் போட்டால் செய்தி முடிந்தது, படம் யாராவது அனுப்புவார்கள்.

நான் ஒரு தடவை அப்படியான ஒரு தோட்டத்துக்குப் போனபோது பெண்களை ஏற்றிப் போக வாகனம் இன்னும் வந்திருக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சீமெந்துத் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அக்காவுக்கு இடது கண் முழுக்க மூடிவிட்டது, உதடு தடித்துப் பேச்சே குழறியது. கூடையை இன்னும் முதுகில் இருந்து இறக்கவில்லை. யாரோ சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்குப் பேரு போடுவாங்களா, தம்பி?"

பேர் போடுவது என்றால் அந்த நாளை ஒரு நாள் வேலையாகச் சம்பளக் கணக்கில் சேர்ப்பது. மருந்து, வாகனம், வலி எல்லாம் அப்புறம். கொட்டு வாங்கியது காலை பத்து மணிக்கு. அதுவரை பறித்த கொழுந்து அரை நாளுக்குக்கூடக் காணாது. அந்த நாள் அவருக்கு முழுப் பேரா, அரைப் பேரா, ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் செய்தி வேறு மாதிரி விரியும். கூடு எந்த மலையில் இருந்தது, அது இருக்கிறது என்று முன்பே யார் யாரிடம் சொன்னார்கள், அகற்ற யாராவது வந்தார்களா? காயப்பட்டவர்களை ஏற்றிப் போனது அம்புலன்ஸா, கொழுந்து லொறியா? வேலை நேரத்தில் நடந்த விபத்துக்கு நட்டஈடு கேட்க 1934 முதல் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி யாராவது விண்ணப்பித்தார்களா, விண்ணப்பிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியுமா? ஒரு மாதம் கழித்து அதே லயத்துக்குத் திரும்பிப் போய் இவற்றைக் கேட்டு எழுதினால் அது உங்கள் செய்தி. முதல் நாள் எழுதியது எல்லோருடைய செய்தி.

சம்பளச் செய்தியும் இப்படித்தான். கொழும்பில் இருந்து வரும் தலைப்புகளில் ஒரு தொகை இருக்கும். 2016இல் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 ரூபா, 2019இல் அடிப்படை 700, 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000, 2024 செப்டெம்பரில் 1,350. அப்புறம் 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550, அதோடு வேலைக்கு வரும் நாளுக்காக அரசாங்கம் தரும் 200, மொத்தம் 1,750 என்று அறிவித்தார்கள். இந்தத் தொகைகளைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்களே எழுதட்டும். உங்களிடம் இருப்பது அம்மாவின் சம்பளச் சீட்டு. மாதத்தில் 25 பேர் விழுந்தால் 1,550 கணக்கில் 38,750 ரூபா. 15 பேர்தான் விழுந்தது என்றால் 23,250. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 1,860 ரூபா கழியும். பிறகு முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு என்று வரிசையாகப் போகும். நாட்சம்பளம் கூடிய மாதத்தில் வேலை நாள் குறைந்ததா? ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய நோம் கிலோ கூடியதா? பேருக்குப் பதில் கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்கு எடுத்தார்களா? வெவ்வேறு தோட்டங்களில் இருந்து நாலு சீட்டு, ஒரே வீட்டின் சம்பள உயர்வுக்கு முந்திய மாதச் சீட்டும் பிந்திய மாதச் சீட்டும், இவ்வளவு போதும். பெயரை மறைத்து, எண்களை அப்படியே போடுங்கள். இதைக் கொழும்பு மேசையில் இருந்துகொண்டு யாராலும் எழுத முடியாது. கடையில் கணக்கு எழுதும் உங்களுக்கு அது கை வந்த வேலை.

சரி, அம்மா வேலை செய்யும் தோட்டத்தை எழுதலாமா? நேர்மையாகச் சொன்னால் ஆரம்பத்தில் வேண்டாம். பயந்து சொல்லவில்லை. நீங்கள் எழுதுவதற்கான விலையை நீங்கள் கொடுத்தால் பரவாயில்லை, அம்மா கொடுக்கக் கூடாது. நாளைக்கு அவரைக் கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்பலாம், நிறுவையில் தண்ணிக் கழிவு என்று இரண்டு கிலோ கூடக் கழிக்கலாம், லயத்துக் கூரை திருத்தம் பட்டியலில் கீழே போகலாம். எதையும் நிரூபிக்க முடியாது. உங்கள் தோட்டத்துச் செய்தியைப் பக்கத்துப் பகுதி நிருபரிடம் கொடுங்கள், அவருடைய ஊர்ச் செய்தியை நீங்கள் எழுதுங்கள். இந்தக் கைமாற்று மலையக நிருபர்களிடம் எப்போதும் உண்டு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் இருந்துதான் தொல்லை வரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். என் அனுபவத்தில் துரைமார் பெரும்பாலும் போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் கம்பனித் தலைமையகத்தைக் கேளுங்கள் என்பார்கள், அவ்வளவுதான். அதிகம் கோபப்படுவது தொழிற்சங்கங்களின் தோட்டத் தலைவர்மார். எந்தச் சங்கம் என்பதில் வித்தியாசம் இல்லை. தோட்டத்தில் நடக்கும் எதுவும் தலைவர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்பது பழைய பழக்கம், நீங்கள் நேரே தொழிலாளியிடம் பேசினால் அது அவருக்கு மரியாதைக் குறைவு. அவரிடமும் பேசுங்கள். சந்தித்து, அண்ணே, மாமா என்று முறை சொல்லி, அவர் சொன்னதையும் போடுங்கள். ஆனால் அவரோடு சேர்ந்து லயத்துக்குப் போகாதீர்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அல்லது அவருக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தண்ணிப் பீலியடியில், உறவுக்காரரைப் பார்க்க வந்த மாதிரிப் போங்கள்.

தோட்டத்துக்குள் நுழைவதே ஒரு காலத்தில் பெரிய காரியம். தஞ்சாவூரில் இருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டத்து நிலைமையைப் பார்க்கத் துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த சங்கதி. வெளியாட்கள் தோட்ட எல்லையை மிதித்தால் அத்துமீறல் வழக்கு என்ற காலம் அது. பத்திரிகையாளராகவே தொடங்கி, 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தி, 1931இல் தொழிலாளர் சம்மேளனம் அமைத்து, 1936இல் ஹட்டன் தொகுதியில் இருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். இன்றைக்கு உங்களுக்கு வேஷம் தேவையில்லை. லயத்தில் இருப்பவர் கூப்பிட்டுப் போகிறீர்கள் என்றால் வாசலில் நிற்கும் காவல்காரருக்கு அதைச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அதை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டு செய்தியையே மூடிவிடுவார்கள்.

மழைக்காலத்துக்கு வருவோம். அப்போது எல்லா ஊடகமும் உங்களுக்குப் போன் போடும். "எத்தனை பேர்? எத்தனை வீடு? படம் இருக்கா?" அந்த அவசரத்துக்கு அடிபணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீரியபெத்தை ஒன்றே போதும். 2014 ஒக்டோபர் 29, காலை. பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்றைக்கு வெளிவந்த எண்ணிக்கைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பின்னர் உறுதியானது அதைவிட மிகக் குறைவு. அந்த நேரம் பள்ளிக்கும் வேலைக்கும் போயிருந்தவர்களும் காணாமல் போனவர்கள் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று காம்பராவுக்குக் காம்பரா, அறை அறையாக, சொல்லக்கூடியவர் அதே தோட்டத்து ஆட்கள்தான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயாவிடம் பிள்ளைகளின் பெயர் இருக்கும், மருத்துவ மாதுவிடம் கர்ப்பிணிகளின் பட்டியல் இருக்கும். அவர்களைக் கேட்டுப் பெயர் பெயராக எண்ணிய நிருபர் பிந்தித்தான் அனுப்புவார். ஆனால் அடுத்த நாள் எண்ணை மாற்ற வேண்டியிருக்காது.

அதைவிட முக்கியமானது, மீரியபெத்தை ஆபத்தான இடம், ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அந்த எச்சரிக்கை வருடக்கணக்கில் கோப்பில் கிடந்தது. அழைப்பிதழ் வராத செய்தி என்று மேலே சொன்னேனே, அதில் இதைவிடப் பெரியது எது? உங்கள் பகுதியில் எந்த லயத்துக்கு அந்த நிறுவனத்தின் கடிதம் வந்திருக்கிறது, மாற்றுக் காணி கொடுத்தார்களா, பாதி கட்டிய வீடு எத்தனை நிற்கிறது என்று வெயில் காலத்தில் எழுதுங்கள். மாசி பங்குனியில் மண்சரிவைப் பற்றி எழுதினால் ஆசிரியர் பீடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அனுப்புங்கள்.

மழை நேரத்துக்குச் சில எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இதுதான் அந்த நிறுவனத்தின் பொதுவான அளவுகோல். பல தோட்டங்களில் மழைமானி இருக்கும், காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். அளக்கும் ஆளைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ உங்கள் செய்தியின் கடைசி வரியில் எப்போதும் போடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகமே துண்டு துண்டாகிவிட்டது. பாதை இல்லை, ரயில் இல்லை, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் இல்லை. கொழும்பு மேசைகள் நிருபரைத் தேட, நிருபர் சிக்னல் தேடி மலையேறிய நாட்கள் அவை. பவர் பேங்க், இரண்டு வெவ்வேறு கம்பனி சிம், பொலித்தீன் உறையில் ஒரு கொப்பி, இவை எப்போதும் பையில் இருக்கட்டும். டேட்டா இல்லாத இடத்திலும் சில நேரம் சாதாரண எஸ்.எம்.எஸ். போகும். இடம், நேரம், பெயர், யார் சொன்னது என்று நாலு துண்டாக அனுப்பப் பழகுங்கள். பிரிவை எழுத மறக்காதீர்கள். ஒரே தோட்டத்தில் மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, நம்பர் போட்ட பிரிவுகள் என்று மைல் கணக்கில் தள்ளி இருக்கும். தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பதறுவார்கள்.

சிங்களம் எப்படி? பேச வரும் என்று நினைக்கிறேன், ஹட்டன் கடையில் வேலை செய்பவருக்கு வராமல் இருக்காது. வாசிக்கவும் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் இரு மொழி நிருவாகம் என்று சட்டத்தில் இருந்தாலும் பொலிஸ் முறைப்பாடும் நீதிமன்றத்துக்குப் போகும் பீ அறிக்கையும் பெரும்பாலும் சிங்களத்தில்தான். பொலிஸ் பொறுப்பதிகாரி வாயால் சொல்வதும் அறிக்கையில் இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. நீதவான் நீதிமன்றத்தில் வழக்குக் கூப்பிடும் நாட்களில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுப் பழகுங்கள். ஒரு பகுதியின் நிலைமை அங்கே தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

சட்டத்தில் சிலதை மட்டும் சொல்கிறேன். கைதானவர் சந்தேகநபர்தான், தீர்ப்பு வரும்வரை வேறு சொல் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் தெரியக்கூடிய விவரத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின்படி குற்றம். பெயரை விட்டுவிட்டுத் தோட்டம், பிரிவு, வயது, படிக்கும் பாடசாலை, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் போட்டால் லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? நம் செய்திகளில் இந்தத் தப்பு வாராவாரம் நடக்கிறது. தற்கொலையில் எப்படிச் செய்தார் என்று எழுதாதீர்கள், காரணத்தை ஒற்றை வரியில் தீர்மானிக்காதீர்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைச் சேருங்கள். அவதூறு இங்கே 2002க்குப் பிறகு குற்றவியல் வழக்கு இல்லை, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நீங்கள் உங்கள் சொந்தப் பேஸ்புக்கில் போடுவதற்கும் பொருந்தும். பத்திரிகையில் வந்தால் பின்னால் ஒரு ஆசிரியர் பீடம் நிற்கும், பேஸ்புக்கில் நீங்கள் தனி.

பேஸ்புக் என்றதும் இன்னொன்று. ஹட்டனில் ஒரு விபத்து நடந்தால் பொலிஸ் வருமுன் லைவ் போய்விடும். அதோடு போட்டி போட்டு ஓடாதீர்கள், தோற்பீர்கள். பத்திரிகை மறுநாள்தான் வரும். அதற்குள் நீங்கள் போய்ச் சரிபார்த்த விஷயத்தை எழுதலாம். லைவ் போடுபவர் அடுத்த வாரம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நம் பகுதி நிருபர்கள் இன்னும் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் குறை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். பதில் இல்லை என்றால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. உங்களுக்கு ஒரு நல்ல முதல் கேள்வியும் தருகிறேன். 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை, பிரதேச சபைகள் தங்கள் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவழிக்கச் சட்டம் தடையாக இருந்தது. திருத்திய பிறகு உங்கள் சபை ஒவ்வொரு வருடமும் தோட்டத்துக்குள் எவ்வளவு செலவழித்தது, எந்தப் பாதைக்கு, எந்தக் கொந்தராத்துகாரருக்கு? ஹட்டன்-டிக்கோயா நகர சபை எல்லை எங்கே முடிகிறது, நோர்வூட் பிரதேச சபை எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான சபைக்கு எழுதினால் மாதம் போய்விடும். பதில் வந்ததும் தாளோடு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். தாளில் கொங்கிறீட் இருக்கும்.

பெண் என்பதால் முடியாது என்று வீட்டில் சொல்வார்கள். இரவில் போக முடியாத இடங்கள் இருக்கின்றன, அது உண்மை. கடைசி பஸ்ஸை விட்டால் திரும்ப வழி இல்லை, ஆட்டோ வாடகை உங்கள் செய்திக் காசைப் போல பல மடங்கு. அதனால் இரவு விபத்துச் செய்தியை மற்றவர்கள் எழுதட்டும். பகலில் உங்களுக்கு இருக்கும் வசதி எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவர், கங்காணி, கணக்கப்பிள்ளை, நிருபர் என்று அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மலையில் கக்கூஸ் இல்லாததை, மாதவிலக்கு நாளில் எட்டு மணி நேரம் நிற்பதை, சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதை ஒரு ஆண் நிருபரிடம் எந்த அக்கா சொல்வார்? என்னிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வார்கள். அம்மாவின் சிநேகிதிகளே பாதிச் செய்திக்குப் போதும், அவர்கள் பெயர் வராமல் பார்த்துக்கொண்டால்.

எப்போதும் சண்டை, சாவு என்று எழுத வேண்டியதில்லை. மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்குப் போய் ரதி மதன் வேஷம் கட்டும் பையன்களிடம் பேசி எழுதிப் பாருங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் நம் ஆட்கள் வரை பகிர்வார்கள். வாசகர் கடிதம் எனக்கு அதிகம் வந்தது அந்த மாதிரி எழுத்துக்குத்தான், சம்பளத்தைப் பற்றி எழுதியதற்கு அல்ல. அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தமும் உண்டு.

படிக்க விரும்பினால் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி தமிழிலும் பாடநெறி நடத்தியிருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் இதழியல் டிப்ளோமாவும் இருக்கிறது. ஒரு வருடம் எழுதிப் பார்த்துவிட்டுப் போனால் பாடம் இன்னும் நன்றாகப் புரியும்.

வீட்டாரிடம் என்ன சொல்வது? அவர்களுடைய பயம் நியாயமானது, அதை வாதாடி ஜெயிக்க வேண்டாம். கடை வேலை தொடரும், நம் தோட்டத்தை இப்போதைக்கு எழுத மாட்டேன், இருட்டுமுன் வீட்டில் இருப்பேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

பத்திரிகைக்குப் பதில் போடும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நியமனக் கடிதம். வாய்ப்பேச்சில், "எழுதுங்கோ, பார்ப்போம்" என்பார்கள். அரசாங்கத் தகவல் திணைக்களம் வருடா வருடம் கொடுக்கும் ஊடக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் வேண்டும். அட்டை இல்லாமல் வைத்தியசாலை வாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் உங்களை யார் என்று கேட்பார்கள். அந்தக் கடிதத்திலேயே செய்திக்கும் படத்துக்கும் எவ்வளவு, எந்தத் திகதியில் காசு வரும் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதம் தரத் தயங்கினால் இரண்டு மாதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் தராவிட்டால் வேறு பத்திரிகைக்கு எழுதுங்கள், ஹட்டன் பக்கத்துக்கு ஆள் தேடும் பத்திரிகை ஒன்று மட்டும் இல்லை.